சோற்றினுள் மறைந்த கோதுமை



விருந்துக்கு வந்தவர் இலையில் உணவை மிச்சம் வைத்து எழுந்தால் நம் தாய்மார்களின் முகம் வாடிவிடுகிறது. "ஏன், குழம்பு நன்றாக இல்லையா?" என்று கேட்கிறார்கள். "எனக்கு இது ஆகாது" என்று விருந்தினர் சொன்னாலும், "ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று மறுபடியும் பரிமாறுகிறார்கள். அன்பின் மிகுதியால் செய்வதுதான், குறை கூறுவதற்கில்லை. ஆயினும், அந்த ஒரு வாய் உணவே உடலைக் கெடுக்கும் நிலையில் உள்ளவர்களும் நம்மிடையே வாழ்கிறார்கள். அத்தகையோர் அச்சமின்றி உண்பதைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறேன். அதற்கு ஜப்பானியரின் உணவாகிய சுஷியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். காரணம் படிக்கப் படிக்கப் புலப்படும்.

நோயும் அதன் ஒரே மருந்தும்

கோதுமை, வாற்கோதுமை, ஐரோப்பாவில் விளையும் ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. மாவுக்குப் பசைத் தன்மை தருவது இதுவே. பரோட்டா மாவை எவ்வளவு வீசினாலும் அறுபடாமல் துணிபோல் விரிவது இதனால்தான். பெரும்பாலோர்க்கு இது தீங்கற்ற உணவு. ஆனால் சீலியாக் என்னும் நோய் உள்ளவர்கள் இதனை உண்டால், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே உடலுக்குப் பகையாகிச் சிறுகுடலைத் தாக்குகிறது. குடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் நுண்ணிய முளைகள் தேய்ந்து மழுங்குகின்றன. உண்ட உணவின் சத்து உடலில் சேர்வதில்லை. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, எடைக் குறைவு, எலும்புத் தேய்வு, குழந்தைகளாயின் வளர்ச்சிக் குறைவு எனப் பல வடிவங்களில் நோய் தலைகாட்டும். வெளியில் ஒன்றும் தெரியாமலே உள்ளே குடல் கெடுவதும் உண்டு.

இதன் காரணத்தை உலகுக்கு உணர்த்தியவர் வில்லெம் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். கோதுமையே குற்றவாளியாக இருக்கலாம் என்று அவர் முன்னரே ஐயுற்றிருந்தார். 1944-45 குளிர்காலத்தில், போரின் கொடுமையால் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. ரொட்டி கிடைப்பது அரிதாயிற்று. ஊரெல்லாம் பசியால் மெலிந்த அந்நாள்களில் இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி மீண்டும் வந்ததும் நோயும் மீண்டது. தம் ஆராய்ச்சியை 1950-ஆம் ஆண்டில் அவர் நூலாக வெளியிட்டார். அன்று முதல் இன்று வரை இந்நோய்க்கு நிலைத்த மருத்துவம் ஒன்றுதான்: வாழ்நாள் முழுவதும் குளூட்டன் சேராத உணவு.

உலகில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். நம் நாட்டில் கோதுமை உண்ணும் வடமாநிலங்களில் மிகுதியாகவும், சோறுண்ணும் தென்னாட்டில் குறைவாகவும் காணப்படுகிறது. ஆகவேதான் நம் ஊர்களில் இதன் பெயரைக் கேட்டவரே அரியர்.

என் தமக்கையின் மகளுக்கு இந்நோய் இருப்பது அவளுடைய பத்தொன்பதாம் வயதில், 2014-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதற்கு முன் நான்கு ஆண்டுகள் இரத்தசோகைக்கு மாத்திரை, வயிற்றுக்குக் கஷாயம், கண்ணேறுக்கு மந்திரிப்பு என்று அலைந்து களைத்தனர். இரத்தப் பரிசோதனையும் குடல் உட்காட்டிப் பரிசோதனையும் உண்மையைச் சொல்லின. கோதுமையை விட்ட ஓராண்டுக்குள் பெண் தேறிவிட்டாள். ஆனால் வேறொரு துன்பம் தொடங்கியது. திருமண வீடுகளில், "ஒரு துண்டு கேக் உன்னை என்ன செய்யும்?" என்றார்கள். "மெலிய வேண்டும் என்று நடிக்கிறாள்" என்றும் சிலர் முணுமுணுத்தார்கள். அவள் மெல்ல மெல்ல விருந்துகளுக்குச் செல்வதையே நிறுத்திக் கொண்டாள். எங்குச் சென்றாலும் கையில் ஒரு சோற்றுப் பாத்திரம். எல்லாரும் கூடி உண்கையில் இவள் மட்டும் ஒரு மூலையில். உடல் நோய் தீர்ந்தும் தனிமை தீரவில்லை.

சவேரியார் சென்ற நாடு

பின்னர் அவள் மேற்படிப்புக்காக ஜப்பானுக்குச் சென்று, கியூஷு தீவில் தங்கிப் படித்தாள். நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1542 முதல் பரதவ மக்களிடையே உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள் கரையிறங்கிய ககோஷிமா நகரம் அத்தீவின் தென்முனையில் உள்ளது. அத்திருத்தலங்களைக் காண வேண்டும் என்ற நெடுநாள் ஆசை 2023 ஆகஸ்டு மாதத்தில் நிறைவேறியது. திருப்பயணத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் பக்கம் போதாது. அது நிற்க.

"சாமி மாமா, நாளை உங்களைச் சுஷி சாப்பிட அழைத்துப் போகிறேன்" என்றாள் அவள் ஒரு மாலை. எனக்கோ வியப்பு. ஊரில் அத்தை வீட்டில்கூடக் கைநனைக்காத பெண், அயல்நாட்டு உணவுக் கடைக்கு அழைக்கிறாள்! "சோறும் மீனும்தானே? அதில் கோதுமை ஏது?" என்றேன். அவள் சிரித்தாள். "எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், மாமா. அங்கேதான் ஆபத்து" என்றாள்.

சுஷி என்பது பச்சை மீன் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது காடி சேர்த்த சோற்றைக் குறிக்கும் சொல். மீனைச் சோற்றில் பொதிந்து மாதக்கணக்கில் புளிக்க வைத்து, மீனை மட்டும் உண்டு சோற்றை எறிந்துவிடும் பழைய வழக்கத்திலிருந்து பிறந்தது இது. பீவா ஏரிக் கரையில் அப்பழைய முறை இன்றும் நிலவுகிறது. பிற்காலத்தில் புளிக்க வைப்பதற்குப் பதிலாகச் சோற்றில் காடி ஊற்றத் தொடங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், கைப்பிடிச் சோற்றின் மேல் ஒரு துண்டு மீனை வைத்து அழுத்தித் தரும் 'நிகிரி' வகை பரவியது. கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டி வெட்டித் தருவது 'மாக்கி'.

கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள்

சோற்றிலும் குளூட்டன் இல்லை, மீனிலும் இல்லை. உடன் வருபவற்றில்தான் கோதுமை ஒளிந்திருக்கிறது. அன்றிரவு அவள் எனக்கு ஒவ்வொன்றாக விளக்கினாள்.

முதற்பகை சோயா சாஸ். பெயரில் சோயா மட்டுமே இருந்தாலும், ஜப்பானில் பெருவழக்காக உள்ள வகை, அவித்த சோயாவையும் வறுத்து உடைத்த கோதுமையையும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்து, பூஞ்சணம் படரவிட்டு, உப்புநீரில் பல மாதங்கள் ஊறவைத்து எடுப்பது. நொதிக்கும்போது குளூட்டன் பெரும்பாலும் சிதைந்துவிடும் என்று சிலர் கூறுவர். ஆனால் நொதித்த பொருளில் எஞ்சியிருப்பதை அளக்கும் பரிசோதனைகள் முழுதும் நம்பத்தக்கவை அல்ல என்பதால், சீலியாக் நோயாளர் அதனை விலக்க வேண்டும் என்பதே மருத்துவர் அறிவுரை. இதற்கு மாற்றாக 'தமாரி' என்னும் சாஸ் உண்டு. நடு ஜப்பானின் அய்ச்சி, மியே, கிஃபு பகுதிகளில் பழமையாகச் செய்யப்படும் இது பெரும்பாலும் சோயாவால் ஆனது. எனினும் சில தமாரியிலும் சிறிது கோதுமை சேர்ப்பதுண்டு. பெயரை நம்பாது, 'குளூட்டன் அற்றது' என்னும் குறிப்பைப் பார்த்தே வாங்க வேண்டும். உலக உணவுத் தர விதிகளின்படி, கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பொருளுக்கே அக்குறிப்பு பொருந்தும்.

சாஸைத் தொட்டுக் கொள்ளாமல் விட்டால் போதாதா? போதாது. விலாங்கு மீனைச் சுடும்போதே சோயா சாஸ் கலந்த இனிப்புக் குழம்பைத் தடவிவிடுகிறார்கள். சில கடைகளில் எல்லா மீன் மீதும் சாஸை மெல்லப் பூசியே தருகிறார்கள். இனாரி என்னும் பொரித்த சோயாப் பையும், கன்பியோ என்னும் உலர்த்திய சுரைக்காய் இழையும் அதே சாஸில் வேகவைக்கப்பட்டவை. செந்நிற மீன் முட்டைகளும் பெரும்பாலும் அதில் ஊறியவை. முட்டை அடையிலும் அது சேர்வதுண்டு. நண்டுக் குச்சி என்று விற்பது நண்டன்று. அரைத்த மீனில் கோதுமை மாச்சத்துச் சேர்த்துச் செய்வது வழக்கம். பச்சை நிற வசாபிக் காரம் உண்மையான கிழங்கை உரசியதாயின் குற்றமில்லை. குழாயில் அடைத்த போலியாயின் அதிலும் மாச்சத்து இருக்கலாம். சோற்றில் ஊற்றும் காடி அரிசியிலிருந்து வந்ததா, வேறு தானியங்களிலிருந்து வந்ததா என்றும் கேட்க வேண்டும்.

மாவில் தோய்த்துப் பொரித்த தேம்புரா வெளிப்படையான கோதுமை. அது சவேரியார் காலத்துப் போர்த்துக்கீசியர் வழி ஜப்பானுக்கு வந்த சமையல்முறை என்றும், இறைச்சி விலக்கும் நோன்பு நாள்களைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது என்றும் கூறுவர். தேம்புரா பொரித்த எண்ணெயில் வேறெதைப் பொரித்தாலும் அதுவும் ஆகாது.

கடைசியாக, குடிப்பவை. ஜப்பானில் கோடைக்காலத்தில் தண்ணீர்போல் வழங்கப்படும் குளிர்ந்த முகிச்சா, வறுத்த வாற்கோதுமைத் தேநீர். கியூஷு தீவில் மிசோச் சாறு பெரும்பாலும் வாற்கோதுமை சேர்த்த மிசோவால் ஆனது. அடைத்து விற்கும் உணவுப் பொதிகளில் கோதுமை இருந்தால் குறிப்பிட வேண்டும் என்று ஜப்பானியச் சட்டம் கூறுகிறது; ஆனால் வாற்கோதுமைக்கு அக்கட்டாயம் இல்லை. உணவகங்களுக்கோ எழுதி அறிவிக்கும் கட்டாயமே இல்லை. ஆகவே, "கொமுகி என்றால் கோதுமை, ஓமுகி என்றால் வாற்கோதுமை. 'முகி' என்று காதில் விழுந்தால் நான் கையை எடுத்துவிடுவேன், மாமா" என்றாள்.

"இது உங்களுக்கு வேண்டாம்"

கடைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னரே அவள் தொலைபேசியில் பேசியிருந்தாள். முதலில் கேட்ட கடையில், "எங்கள் சமையலறை சிறியது, கோதுமை படாது என்று உறுதி சொல்ல எங்களால் இயலாது" என்று பணிவுடன் மறுத்துவிட்டார்கள். அவள் வருந்தவில்லை, நன்றி கூறினாள். இரண்டாவது கடை வரச் சொன்னது. கூட்டம் சேர்வதற்கு முன், திறந்தவுடன் வாருங்கள் என்றும் சொன்னார்கள்.

எட்டுப் பேர் மட்டும் அமரக்கூடிய சிறு கடை அது. மரப்பலகைக்கு அப்பால் அறுபது வயது மதிக்கத்தக்க சமையற்காரர் நின்றார். அவள் ஓர் அட்டையை நீட்டினாள். தனக்குள்ள நோய், உண்ணக்கூடாதவை, கத்தியும் பலகையும் தூய்மையாக இருக்க வேண்டிய தேவை ஆகியவை அதில் ஜப்பானிய மொழியில் எழுதப்பட்டிருந்தன. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக் கொண்டு, இருமுறை படித்தார். உள்ளே சென்று காடிப் புட்டியைக் கொண்டுவந்து, அதன் மேலுள்ள எழுத்துகளை அவளுக்கு விரல் வைத்துக் காட்டினார், அரிசிக் காடிதான். பின்னர்க் கைகளைக் கழுவி, வேறொரு பலகையை எடுத்து, வேறொரு கத்தியையும் துடைத்து வைத்தார். நாங்கள் கேளாமலே குளிர்ந்த முகிச்சாக் குவளையை அகற்றிவிட்டு வெந்நீர் வைத்தார்.

சூரை மீன் வந்தது. கணவாய் வந்தது. அவித்த இறால் வந்தது. பச்சை மீன் பழகாத நான் இறாலில் தொடங்கிப் பின் துணிவு பெற்றேன். கடற்கரைப் பங்குகளிலே பல ஆண்டுகள் வாழ்ந்து, சூரையைக் குழம்பிலும் கருவாட்டிலும் அறிந்திருந்த எனக்கு, அதன் இயல்பான சுவை அன்றுதான் தெரிந்தது. வெள்ளரிக்காய் சுருட்டிய மாக்கியும் வந்தது. அவள் தன் பையிலிருந்த சிறு புட்டியைத் திறந்து, குளூட்டன் அற்ற தமாரியைத் தன் தட்டில் மட்டும் ஊற்றிக் கொண்டாள். எனது தட்டில் இருந்ததோ கடையின் சாஸ். இரண்டும் கலவாதபடி இடையில் ஒரு சாண் இடம் விட்டோம்.

எனக்கு விலாங்கு மீன் வைத்தபோது, அவர் அவளை நோக்கிக் கையை அசைத்து ஏதோ சொன்னார். முட்டை அடை வந்தபோதும் அவ்வாறே. மிசோச் சாறு எனக்கு மட்டும் வந்தது. "என்னம்மா சொல்கிறார்?" என்று கேட்டேன். "இது உங்களுக்கு வேண்டாம் என்கிறார், மாமா" என்றாள். சொல்லும்போதே அவள் கண்கள் கலங்கின. "ஏனம்மா, வருத்தமா?" என்றேன்.

"வருத்தம் இல்லை, மாமா. நம் ஊரில் நான் வேண்டாம் என்பேன், அவர்கள் சாப்பிடு என்பார்கள். இங்கே நான் சொல்வதற்கு முன் அவரே வேண்டாம் என்கிறார். நான் பொய் சொல்கிறேனோ என்று அவர் ஒரு நொடிகூட நினைக்கவில்லை" என்றாள்.

அன்று அவள் பன்னிரண்டு துண்டுகள் உண்டாள். சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டுவரவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் உடல்நிலையை நான் கவனித்து வந்தேன். ஒரு குறையும் இல்லை.

நம் அடுக்களையில்

வாசக அன்பர்களே, ஜப்பானியச் சோற்றில் சோயா சாஸ் எப்படியோ, நம் சாம்பாரில் பெருங்காயம் அப்படியே! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருப்பது வழக்கம். இட்லியும் சாம்பாரும் உண்ட சீலியாக் நோயாளர், "நான் கோதுமையே தொடவில்லையே" என்று திகைப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. பொதியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். ரவா தோசை, சேமியாப் பாயசம், மைதா தூவிப் பொரித்த மீன், மால்ட் சேர்த்த சத்துமாவுப் பானங்கள் ஆகியவையும் அவர்களுக்கு ஆகா. ஆனால் நம் கம்பு, கேழ்வரகு, சோளம், தினை ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. அரவை இயந்திரத்தில் கோதுமைக்குப் பின் அரைக்காமல் இருந்தால் போதும்.

இந்நோய் உள்ளவர்க்கும் அவரை விருந்துக்கு அழைப்பவர்க்கும் சில சொல்வேன். முதலாவது, ஐயம் தோன்றினால் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடாமல் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். முன்னரே நிறுத்திவிட்டால் பரிசோதனை உண்மையைக் காட்டாமல் போகலாம். இரண்டாவது, வெளியில் உண்ணச் செல்பவர் முன்கூட்டியே தெரிவித்து, கூட்டமில்லாத நேரத்தில் செல்வது நல்லது. மூன்றாவது, "கோதுமை இருக்கிறதா?" என்று மட்டும் கேளாமல், எந்தச் சாஸ், எந்தக் காடி, எந்த எண்ணெய், எந்தக் கத்தி என்று கேட்க வேண்டும். நான்காவது, விருந்து செய்பவர்க்குத் தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். அந்த முதற்கடைக்காரரின் மறுப்பு, பொறுப்பற்ற நூறு உபசாரங்களைவிட மேலானது.

நற்கருணைப் பந்தியில்

இக்குடும்பங்களை வருத்தும் இன்னொரு கேள்வியும் உண்டு. நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனதாயிற்றே! என் தமக்கை மகள் நன்மை வாங்காமல் இருக்கையிலேயே அமர்ந்திருந்த நாள்களில், அவள் என்ன பாவம் செய்தாளோ என்று பேசிய நாவுகளும் இருந்தன.

திருச்சபை இதனை மறந்துவிடவில்லை. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கர்தினால் இராட்சிங்கர் தலைமையில் 2003-ஆம் ஆண்டிலும், திருவழிபாட்டுப் பேராயம் 2017-ஆம் ஆண்டிலும் இதுபற்றி எழுதியுள்ளன. குளூட்டன் முற்றிலும் நீக்கப்பட்ட அப்பம் திருப்பலிக்குத் தகுதியான பொருளாகாது. ஆனால் மிகக் குறைந்த அளவே குளூட்டன் கொண்ட கோதுமை அப்பம் தகுதியானதே. அமெரிக்க நாட்டு மிசூரி மாநிலத்தில் பெனடிக்டைன் அருட்சகோதரியர் செய்யும் அத்தகைய அப்பத்தில் குளூட்டன் 0.01 விழுக்காட்டுக்கும் குறைவே. மருத்துவர் இசைவுடன் அதனை உட்கொள்ளலாம். அதுவும் ஆகாதவர்கள் திருஇரத்தத்தை மட்டும் பருகலாம். இரசத்தின் வடிவில் மட்டும் உட்கொண்டாலும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறார்கள். ஆனால் குருவின் கிண்ணத்தில் அப்பத் துண்டு ஒன்று இடப்படுவதால், அவர்களுக்கெனத் தனிக் கிண்ணம் வைக்க வேண்டும். கோதுமை அப்பத்தைத் தொட்ட விரல்களால் அவர்களுடைய அப்பத்தைத் தொடுவதும் கூடாது. உங்கள் வீட்டில் எவர்க்கேனும் இந்நோய் இருந்தால், பங்குக் குருவிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். பூசைக்கு முன் சொன்னால் ஏற்பாடு செய்வது எளிது.

உரோமைத் திருச்சபைக்கு எழுதிய திருமுகத்தின் 14-ஆம் அதிகாரத்தில், நாம் உண்ணும் உணவின் பொருட்டுச் சகோதரனுக்குக் கேடு வரலாகாது என்று புனித பவுல் அறிவுறுத்துகிறார். அன்று அவர் எண்ணியது வேறு சிக்கலை. ஆயினும் அவ்வறிவுரை நம் அடுக்களைக்கும் பொருந்தும். இனி உங்கள் பந்தியில் ஒருவர், "எனக்கு இது ஆகாது" என்று சொன்னால், ஏன் என்று துருவ வேண்டாம். ஒரு வாய்தானே என்று வற்புறுத்தவும் வேண்டாம். "வேறு எது ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதைச் சமைத்து, மூலையில் அல்ல, உங்கள் அருகிலேயே அவருக்கு இலை போடுங்கள்.